நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை

கடாரம் எனப் பண்டைத் தமிழர் போற்றிய கெடா மண்ணில், சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் ஆலயத் தைப்பூசமாயினும், கூலிம், லூனாஸ், பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களின் மாரியம்மன் திருவிழாவாயினும், சுவாமி புறப்பாட்டுக்கு முன்னே முழங்குவது நாகஸ்வரமும் தவிலுமேயாகும். இரப்பர் மரங்களின் நடுவே சிறு கூரையின்கீழ் அம்மனை எழுந்தருளச் செய்த நம் முன்னோர், மங்கல இசையின்றித் திருவிழா நிறைவுறாது என்பதை உணர்ந்திருந்தனர். அந்த மங்கல இசைக் கருவியின் உருவத்தையே மாற்றியமைத்து, அதற்குப் புதிய பெருமையைத் தேடித் தந்த மாமேதையின் வரலாற்றை இத்திருநாளில் நினைவுகூர்வது பொருத்தமுடையதாகும்.

சோழவள நாட்டில் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், குப்புசாமி பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மைந்தராகத் தோன்றியவர் இராஜரத்தினம் பிள்ளை. பெற்றோர் அவருக்கு முதலில் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம் என்பதாகும். தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை அவரைத் தம் மகனாக ஏற்று வளர்த்தார். வாய்ப்பாட்டைத் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடமும், நாகஸ்வரத்தை அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடமும் பயின்றார். குரலிசையில் பெற்ற அந்த முதற்பயிற்சியே பின்னாளில் அவருடைய வாசிப்புக்கு அடித்தளமாயிற்று. பாடகர் குரலில் எழும் குழைவும் கமகமும் தம் கருவியிலும் எழவேண்டும் என்ற வேட்கை அவரிடம் வளர்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்துவானாக அவர் விளங்கினார்.

அக்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி நாகஸ்வரம். அளவிற் சிறியது; நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் உரத்து ஒலிப்பது. நான்கு மாட வீதியிலும் ஊர்வலம் வரும்போது தொலைவிலுள்ளோர் செவிக்கும் எட்டும். ஆயினும், இராகத்தை நின்று நிதானமாக விரித்துரைக்கும் மேடைக் கச்சேரிக்கு அந்த உச்சச் சுருதி இடங்கொடுப்பது அரிது. பாரி நாகஸ்வரமோ நீளமானது. இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் கம்பீரமாக ஒலிப்பது. அதற்கு மூச்சின் வலிமை மிகுதியாக வேண்டும். துளைகளின் இடைவெளி அகன்றிருப்பதால் விரல்களுக்கும் உழைப்பு அதிகம். இவ்விரண்டையும் சீர்தூக்கிய பிள்ளையவர்கள், எளிமையை விட்டு நாதத்தின் ஆழத்தையே தேர்ந்தார்.

அவருடைய கருத்துக்கு உருக்கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. திருவாவடுதுறைக்கு அண்மையிலுள்ள அச்சிற்றூரில், ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்யும் கைவினை வழிவழியாக நிலவுகிறது. பழைய கருவியில் மத்திமத் துளையை முழுதும் திறந்தால் பிரதி மத்திமமே எழும். சுத்த மத்திமம் வேண்டுமாயின் விரலாலும் உதட்டாலும் மூச்சாலும் அதனை அடக்கிக் கொணர வேண்டும். தோடி, சங்கராபரணம் போன்ற பெரும் இராகங்கள் சுத்த மத்திமம் கொண்டவை என்பதை எண்ணினால் வித்துவான்கள் பட்ட இடர்ப்பாடு விளங்கும். ஆசாரியார் துளைகளின் அளவையும் இடத்தையும் ஆராய்ந்து, சுத்த மத்திமம் நேரே ஒலிக்கும் பாரி நாகஸ்வரத்தை உருவாக்கினார். 2022-ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் புவிசார் குறியீடு பெற்றது.

மேனாட்டுக் கிளாரினெட் சதிர்க் கச்சேரிகளின் வழியே தமிழிசைக்குள் வந்த கருவியாகும். அதில் அரைச் சுரங்களுக்கெனச் சாவிகள் உண்டு. நாகஸ்வரத்துக்குச் சாவி ஏதுமில்லை. விரல் துளைகள் ஏழும், அடிப்பகுதியில் சுருதி திருத்த உதவும் துளைகளுமே உண்டு. அத்துளைகளில் மெழுகை அடைத்தும் நீக்கியும் சுருதியைச் செப்பம் செய்வர். சாவி மிகுந்தால் விரலுக்கு வசதி. ஆனால் சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் கமகத்துக்குத் திறந்த துளையே உற்ற துணை. எனினும் பிள்ளையவர்கள் அயற்கருவியை இகழ்ந்தவரல்லர். நாகஸ்வரம் பயின்று கிளாரினெட்டில் அந்த நாதத்தைக் கொணர்ந்த ஏ.கே.சி. நடராஜனைக் கிளாரினெட் எவரெஸ்ட் எனப் பாராட்டிச் சிறப்பித்தவர் அவரே.

ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவைச் சுருதிக்கு அமைத்துக்கொண்டதும், நின்று வாசிக்கும் நிலையை மாற்றி மேடையில் அமர்ந்து வாசித்ததும் வெறும் வசதிக்காக அல்ல. நாகஸ்வரக் கலைஞரும் ஏனைய வித்துவான்களுக்கு நிகரான மதிப்பைப் பெறவேண்டும் என்பதே அவருடைய உறுதி. அதன் பொருட்டுச் செல்வரிடத்தும் சபாக்களிடத்தும் அவர் சிறிதும் வளைந்து கொடுக்கவில்லை. செருக்குடையவர் என்ற பழிச்சொல்லையும் ஏற்றார். அவர் பட்ட பழி, பின்வந்த கலைஞர் அனைவருக்கும் பெருமையாக முடிந்தது.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலுடன் அவர் வாசித்த கச்சேரிகளும், இசைத்தட்டில் பதிவான தோடி இராகமும் தமிழகமெங்கும் புகழ்பெற்றன. 1940-இல் வெளிவந்த காளமேகம் திரைப்படத்தில் கவி காளமேகமாக நடித்தார். 1947 ஆகஸ்டு 14-ஆம் நாள், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லியில் நேரு அவர்களிடம் செங்கோல் அளிக்கப்பட்டபோது மங்கல இசை முழக்கியவரும் அவரே. 1955-இல் சங்கீத நாடக அகாதமியின் விருது அவரை வந்தடைந்தது. பெருஞ்செல்வம் ஈட்டியும் அதனைச் சேர்த்து வைக்கத் தெரியாத அவ்வள்ளல், 1956 டிசம்பர் 12-ஆம் நாள் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் இறைவன் திருவடி சேர்ந்தார்.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்து விட்டனர். ஆலயங்களும் இடம்பெயர்ந்து புதுப்பொலிவு பெற்றுள்ளன. கோபுரத்துக்கும் தேருக்கும் வாரி வழங்கும் அன்பர்கள், நல்லதொரு நாகஸ்வரத்துக்கும் ஓர் இளைஞனின் பயிற்சிக்கும் சிறிது ஈந்தால் அதுவும் திருப்பணியே ஆகும். கருவி வாங்குங்கால் பூணின் பளபளப்பைக் காணாது, சுருதி நிற்கிறதா, மத்திமம் தூய்மையாக ஒலிக்கிறதா என்று தேர்ந்த கலைஞரைக் கொண்டு நோக்கி வாங்குதல் நலம். ஒலிபெருக்கி முழக்கும் பதிவிசை ஒருபோதும் ஆண்டவன் சந்நிதியில் உயிர்மூச்சால் எழும் நாதத்துக்கு ஈடாகாது. இராஜரத்தினம் பிள்ளை தம் வாழ்நாளெல்லாம் காத்த அந்நாதம் கடார மண்ணிலும் தழைத்தோங்க எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் புரிவானாக.