ராஜரத்தினத்துக்கு இடம் உண்டா?



பள்ளி இடைவேளையில் நீங்கள் அடிக்கடி ஒரு வாதம் செய்வீர்கள். இந்தியாவின் எல்லாக் காலத்துக்கும் சிறந்த 11 கிரிக்கெட் வீரர்கள் யார் யார்? கவாஸ்கர் கட்டாயம் வேண்டும் என்பான் ஒருவன். சேவாக் இல்லாமல் ஓர் அணியா என்பாள் இன்னொருத்தி. அதற்குள் மணி அடித்துவிடும். வாதம் மட்டும் முடியாது!

அமெரிக்காவில் இந்த மாதிரி வாதத்துக்காக ஒரு கட்டடமே இருக்கிறது. அங்கே பேஸ்பால் என்ற ஆட்டம் மிகவும் பிரபலம். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில், அந்த ஆட்டத்தின் மாபெரும் வீரர்களுக்காக 'புகழ் மன்றம்' ஒன்றை 1939இல் திறந்தார்கள். ஆண்டுதோறும் விளையாட்டு எழுத்தாளர்கள் வாக்களிப்பார்கள். நூற்றுக்கு 75 பேராவது சரி என்று சொன்னால்தான் ஒரு வீரருக்கு இடம். 1936இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் ஐந்தே பேர்தான் தேறினார்கள். யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்று அந்த நாட்டில் இன்றும் வீட்டுக்கு வீடு சண்டைதான்.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் இப்படி ஒரு வாதம் உண்டு. ஆனால் அது மட்டையையும் பந்தையும் பற்றியது அல்ல, நாதஸ்வரத்தைப் பற்றியது! கர்நாடக இசை உலகில் மிகப் பெரிய கௌரவமாகக் கருதப்படுவது சென்னை மியூசிக் அகாடமி தரும் 'சங்கீத கலாநிதி' பட்டம். 1942 முதல் அந்தப் பட்டம் வழங்கப்படுகிறது. அதைப் பெற்றவர்களின் பட்டியலை ஓர் இசைப் புகழ் மன்றம் என்றே சொல்லலாம். அந்தப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடுபவர்கள் ஏமாந்து போகிறார்கள். அந்தப் பெயர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று ஊர் உலகம் கொண்டாடிய மேதை அவர்.

அவருக்கு இடம் கொடுத்திருக்க வேண்டுமா? தீர்ப்புச் சொல்லும் முன் அவர் கதையைக் கேளுங்கள்.

மாமா தந்த முதலெழுத்து

1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் தேதி, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள திருமருகலில் ராஜரத்தினம் பிறந்தார். தந்தை குப்புசாமி பிள்ளை, தாய் கோவிந்தம்மாள். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். ராஜரத்தினம் என்பது பிறகு வந்த பெயர்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்துவான். டி.என். என்ற முதலெழுத்துகள் எங்கிருந்து வந்தன தெரிகிறதா? திருமருகல் நடேச பிள்ளையிடமிருந்துதான்!

சிறுவன் ராஜரத்தினம் எடுத்த எடுப்பிலேயே நாதஸ்வரத்தைத் தொடவில்லை. முதலில் திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டுக் கற்றார். கிருஷ்ணய்யர் பெரிய வயலின் மேதை. நாதஸ்வரத்தை அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் பயின்றார். பாட்டைப் பாடத் தெரிந்தவன் ஊதினால் குழலும் பாடும் அல்லவா? பிற்காலத்தில் ராஜரத்தினத்தின் நாதஸ்வரம் மனிதக் குரல் போலவே குழைந்ததற்கு இந்த அடிப்படைதான் காரணம்.

நின்றுகொண்டே வாசித்த காலம்

அந்தக் காலத் தஞ்சை மாவட்டத்தை மனக்கண்ணில் பாருங்கள். காவிரியும் அதன் கிளைகளும் பாயும் வயல்கள். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்துவிட்டால் ஊர் ஊராகக் கல்யாணமும் திருவிழாவும்தான். எங்கும் மேளச் சத்தம். நாதஸ்வரமும் தவிலும் இல்லாமல் சுவாமி புறப்பாடு கிடையாது, தாலி கட்டும் கிடையாது.

இவ்வளவு வேண்டியிருந்த கலைஞர்களுக்கு மரியாதை இருந்ததா? அதுதான் இல்லை. பிறப்பை வைத்து மேல், கீழ் என்று மனிதர்களைப் பிரித்த காலம் அது. நாதஸ்வரக்காரர் சட்டை போடாமல், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஊர்வலத்தில் இரவெல்லாம் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். பாட்டு வித்துவான் மேடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாடுவார். நாதஸ்வர வித்துவானோ அதே ராகத்தைத் தெருவில் நின்றுகொண்டு ஊதுவார்.

ராஜரத்தினம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். கோட்டும் ஷெர்வானியும் அணிந்தார். மேடை போட்டு உட்காரவைத்தால்தான் வாசிப்பேன் என்று உறுதியாக நின்றார். இது ஆடம்பரம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அவர் கேட்டது தமக்கு மட்டும் அல்ல. அவருக்கு மேடை கிடைத்தபோது, பின்னால் வந்த நாதஸ்வரக் கலைஞர்கள் எல்லாருக்கும் சேர்த்தே கிடைத்தது.

குழலையே மாற்றியவர்

அவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். அந்த நாளில் பெரும்பாலும் 'திமிரி' என்ற குட்டை நாதஸ்வரத்தை வாசித்தார்கள். குழல் நீளம் குறைந்தால் சுருதி உயரும். திமிரியின் ஒலி கணீரென்று தெருக்கோடி வரை கேட்கும். ஊர்வலத்துக்கு அது நல்லதுதான். ஆனால் மேடையில் நெடுநேரம் ராகம் வாசிக்க அந்தக் கீச்சுச் சுருதி ஒத்துவராது.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்யும் ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரி என்ற கைதேர்ந்த கலைஞர் இருந்தார். ராஜரத்தினம் தமக்கு வேண்டிய நாதத்தைச் சொல்ல, ஆசாரி குழலின் நீளத்தையும் துளைகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். இப்படித்தான் நீளமான, சுருதி தாழ்ந்த 'பாரி' நாதஸ்வரம் செம்மைப்பட்டது. இன்று நீங்கள் கல்யாண மண்டபங்களில் பார்ப்பது பெரும்பாலும் பாரிதான். அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசிப்பவரும் செய்பவரும் கைகோத்தால் என்ன நடக்கும் என்று பார்த்தீர்களா?

தோடி என்றால் ராஜரத்தினம்

ராஜரத்தினம் என்றதும் பெரியவர்கள் சொல்லும் ஒரே சொல் தோடி. அது ஒரு ராகத்தின் பெயர். அதை அவர் மணிக்கணக்கில் விரித்து வாசிப்பார். வாசித்ததையே திரும்ப வாசிக்க மாட்டார். அவருடைய தோடி இசைத்தட்டு வீடு வீடாக ஒலித்தது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பக்கத்தில் அமர்ந்து தவில் வாசித்தால் கூட்டம் விடியும்வரை கலையாது.

1940இல் 'காளமேகம்' திரைப்படத்தில் கவி காளமேகமாகவே நடித்தார். அந்தப் படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். 1947இல் நாடு விடுதலை பெற்ற நேரத்தில் தில்லிக்குச் சென்று நாதஸ்வரம் வாசித்த பெருமையும் இவருக்கு உண்டு. 1955இல் மத்திய சங்கீத நாடக அகாடமி விருது வந்தது. மறு ஆண்டு, 1956 டிசம்பர் 12ஆம் தேதி, சென்னையில் அவர் காலமானார். அப்போது வயது 58.

தராசின் இரண்டு தட்டுகள்

இப்போது வாதத்துக்கு வருவோம். ஒரு தட்டில் மட்டும் எடை வைத்தால் அது நீதி ஆகாது. எனவே எதிர்த்தட்டையும் பார்க்க வேண்டும்.

ராஜரத்தினம் சொன்ன நேரத்துக்கு வராமல் ரசிகர்களைக் காக்கவைத்தது உண்டு. சில கச்சேரிகளுக்கு வராமலே இருந்துவிட்டதும் உண்டு. முன்கோபக்காரர். பெரிய சம்பாத்தியத்தைத் தண்ணீராகச் செலவழித்தார். ஒழுங்கும் திறமையும் சேர்ந்திருந்தால்தான் பட்டம் என்று ஒருவர் சொன்னால் அதை உடனே தள்ளிவிட முடியாது. அமெரிக்கப் புகழ் மன்றத்தின் விதியும் ஆட்டத்தோடு வீரரின் நேர்மை, நடத்தை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

நாதஸ்வரம் என்பதால்தான் அவரை ஒதுக்கினார்களா? அப்படி மட்டும் சொல்லிவிட முடியாது. ராஜரத்தினம் மறைந்த அதே 1956இல், திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை என்ற நாதஸ்வர மேதைக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. அவரும் நம் காவிரிக்கரைக்காரர்தான். ஆனால் அதன் பிறகு நாதஸ்வரம் நெடுங்காலம் காத்திருந்தது. 1998இல்தான் ஷேக் சின்ன மௌலானா அந்தப் பட்டத்தைப் பெற்றார். ஆந்திராவில் பிறந்து, ராஜரத்தினத்தின் வாசிப்பில் மயங்கி, நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறியவர் அவர்.

மலை மலையாக வித்துவான்கள் இருக்கும்போது ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் பட்டம் என்றால், யாராவது விடுபடத்தான் செய்வார்கள். அதுவும் உண்மைதானே?

இன்னொரு தட்டில் என்ன இருக்கிறது? தோடி இருக்கிறது. பாரி நாதஸ்வரம் இருக்கிறது. மேடையில் அவர் பிடித்துக் கொடுத்த இடம் இருக்கிறது. சீடர்கள் இருக்கிறார்கள். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாதஸ்வரத்தைக் கேட்டிருப்பீர்கள். அதை வாசித்த காருகுறிச்சி அருணாசலம் ராஜரத்தினத்தின் சீடர்தான்.

கடல் தாண்டி ஒரு கதை

அமெரிக்காவில் சாச்சல் பெய்ஜ் என்றொரு பேஸ்பால் வீரர் இருந்தார். பந்து வீசுவதில் சூரர். கறுப்பினத்தவர் என்பதால் அவரைப் பெரிய அணிகளில் சேர்க்கவில்லை. கறுப்பினத்தவருக்கென்று இருந்த தனி அணிகளில்தான் காலமெல்லாம் ஆடினார். 1948இல் பெரிய அணியில் இடம் கிடைத்தபோது அவருக்கு வயது 42!

1971இல் புகழ் மன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் மற்ற வீரர்களோடு அல்ல, தனிப் பகுதியில் வைப்போம் என்று முதலில் அறிவித்தார்கள். மக்கள் கொதித்துப் போனார்கள். வாழ்நாள் முழுவதும் ஒதுக்கி வைத்தது போதாதா, மன்றத்துக்குள்ளுமா தனி அறை என்று கேட்டார்கள். மன்றம் பணிந்தது. அதே ஆண்டிலேயே பெய்ஜுக்கு எல்லாரோடும் சமமாக இடம் கொடுத்தது.

ராஜரத்தினம் கேட்டதும் இதைத்தானே, குழந்தைகளே? தனி இடம் கேட்கவில்லை. எல்லா வித்துவான்களும் உட்காரும் அதே மேடையில் உட்காரும் உரிமையைத்தான் கேட்டார்.

உங்கள் தீர்ப்பு என்ன?

ஒருவர் பெரியவரா என்று முடிவு செய்ய நான் மூன்று கேள்விகள் கேட்பேன். அவர் தம் கலையில் எவ்வளவு உயரம் போனார்? அந்தக் கலையை எப்படி மாற்றினார்? அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அவரால் என்ன நன்மை? திறமையைப் பலரும் பெறலாம். பின்னால் வருபவருக்கு வழி திறந்துவிடுபவர்கள் சிலரே. மூன்றாவது கேள்விக்கு ராஜரத்தினத்தின் வாழ்க்கை சொல்லும் பதில் மிகப் பெரியது. அதனால் அவர் குறைகளையும் சேர்த்து எடை போட்ட பிறகும், அவருக்கு இடம் உண்டு என்பதே என் தீர்ப்பு. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கலையரங்கமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பட்டியலில் இல்லாத பெயர் கட்டடத்தின் முகப்பில் இருக்கிறது!

நீங்கள் வேறு தீர்ப்புச் சொல்லலாம். தவறில்லை. ஆனால் பிடித்தவர் என்பதற்காகவோ, நம் ஊர்க்காரர் என்பதற்காகவோ சொல்லாதீர்கள். இரண்டு தட்டிலும் எடையை வைத்துவிட்டுச் சொல்லுங்கள். கிரிக்கெட் அணியைப் பற்றி வாதம் செய்யும்போதும் இதே முறைதான்.

இன்னொன்று. பட்டம் கொடுப்பது பெரியவர்கள் கையில் இருக்கலாம். மரியாதை கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்து ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். யாரும் கவனிக்காத மூலையில் இருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு ராகம் முடியும்வரை பேசாமல் கேளுங்கள். என்ன ராகம் மாமா என்று விசாரியுங்கள். அது தோடியாகவும் இருக்கலாம்!