கட்டிப்போட கையெழுத்து கேட்டார்கள்... மறுத்த டாக்டர்! யார் இந்த ஃப்ராங்கோ பசாலியா?

1961 நவம்பர். இத்தாலியின் கிழக்கு ஓரத்தில், அன்றைய யுகோஸ்லாவியா எல்லையை ஒட்டியிருக்கும் கொரிட்சியா நகரம். அங்குள்ள மனநல மருத்துவமனைக்குப் புது இயக்குநர் வந்திருக்கிறார். தலைமைச் செவிலியர் ஒரு பதிவேட்டை அவர் முன் நீட்டுகிறார். முந்தைய இரவு யார் யாரைக் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள் என்ற பட்டியல் அது. கீழே இயக்குநர் கையெழுத்து போட வேண்டும். தினமும் நடக்கிற சடங்குதான். ஆனால், இவர் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவர்தான் ஃப்ராங்கோ பசாலியா. அப்போது வயது 37.

1924-ல் வெனிஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்த காலத்தில் பாசிச எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார். 1944 இறுதியில் கைதாகி, இத்தாலி விடுதலை அடையும் வரை சில மாதங்கள் சிறையில் இருந்தார். கொரிட்சியா வார்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது மூக்கில் ஏறியது அதே சிறை நாற்றம்தான் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

படிப்பு முடிந்ததும் பதுவா பல்கலைக்கழகத்தில் வேலை. நோயாளி அறிக்கைகளோடு தத்துவப் புத்தகங்களையும் விடாமல் படிப்பார். சக டாக்டர்கள் அவரைத் தத்துவவாதி என்றே கிண்டலாகக் கூப்பிட்டார்கள். இப்படிப்பட்ட ஆளுக்குப் பல்கலைக்கழகத்தில் எதிர்காலம் இல்லை என்று ஆனபோதுதான் கொரிட்சியா வந்தது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், தண்ணியில்லாத காட்டுக்கு டிரான்ஸ்ஃபர்.

உள்ளே என்ன நடந்தது?

அங்கே 600-க்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1904-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர், அல்லது பொது இடத்தில் அவமானம் உண்டாக்குகிறார் என்றால் உள்ளே போட்டுவிடலாம். அந்தத் தகவல் நீதிமன்றக் குற்றப் பதிவிலும் ஏறிவிடும். நோயாளியா, குற்றவாளியா? சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கைகளை முதுகுப் பக்கம் இழுத்துக் கட்டும் சட்டை, தோல் பட்டை, வலைபோட்ட கூண்டுக் கட்டில் எல்லாம் இருந்தன. இன்னொரு முறையும் உண்டு. ஈரத்துணியைத் தலையில் போட்டு, கழுத்தில் முறுக்குவார்கள். மூச்சு முட்டி ஆள் மயங்கிவிடுவார். அமைதிப்படுத்தியாச்சு, அவ்வளவுதான்.

கட்டிப்போடுவது வலி, அவமானம் என்பதோடு நிற்பதில்லை. மணிக்கணக்கில் அசையாமல் கிடந்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். நெஞ்சை அழுத்திப் பிடித்தாலோ, குப்புறக் கிடத்தினாலோ மூச்சு அடைக்கும். உடம்பு சின்னதாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

சின்ன உடம்புகளும் அங்கே இருந்தன

கொரிட்சியா பெரியவர்களின் கதை. ஆனால், இத்தாலியில் குழந்தைகளுக்கென்றே தனிக் காப்பகங்கள் இருந்தன. டூரின் அருகே க்ருலியாஸ்கோவில் ஒன்று. பெயர் வில்லா அட்ஸுர்ரா, அதாவது நீல மாளிகை. பெயரைக் கேட்டால் ஏதோ ரிசார்ட் என்று தோன்றும். 1970 ஜூலையில் லெஸ்பிரெஸ்ஸோ வார இதழ் அங்கு எடுத்த ஒரு படத்தை வெளியிட்டது. சுமார் 10 வயதுச் சிறுமி, உடம்பில் துணியில்லாமல், கட்டிலோடு கட்டப்பட்டிருந்தாள். நாடே அதிர்ந்தது. அந்தக் காப்பகத்தை நடத்திய மனநல டாக்டர், நோயாளிகளுக்கு மின்சாரத்தால் கொடுமை செய்த வழக்கில் 1974-ல் 5 ஆண்டு தண்டனை பெற்றார்.

அப்படி அடைக்கப்பட்ட குழந்தைகள் எல்லாருக்கும் தீவிர மனநோய் இருந்ததா? இல்லை. அனாதைகள், ஏழை வீட்டுப் பிள்ளைகள், சேட்டை தாங்க முடியவில்லை என்று பள்ளியில் கைகழுவப்பட்டவர்கள் என்று பலரும் இருந்தார்கள். பசாலியா திரும்பத் திரும்பக் காட்டியதும் இதைத்தான். காப்பகக் கதவு ஏழைகளுக்குத்தான் திறக்கிறது. பணக்கார வீட்டில் இதே நோய் வந்தால் தனியார் கிளினிக். 1969-ல் அவரும் மனைவி ஃப்ராங்கா ஓங்காரோவும் சேர்ந்து வெளியிட்ட காப்பகப் புகைப்பட நூலின் மையமும் அதுவே. ஃப்ராங்கா பெயரளவில் துணைவி இல்லை. நூல்களில் பாதி உழைப்பு அவருடையது. பின்னாளில் செனட்டராகவும் ஆனார்.

கொரிட்சியாவில் கட்டுகள் அவிழ்ந்தன, வார்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டாக்டர், நர்ஸ், நோயாளி எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து கூட்டம் போட்டார்கள். எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1968-ல் ஒருநாள் விடுப்பில் வீட்டுக்குப் போன நோயாளி மனைவியைக் கொன்றார். பசாலியா மீது வழக்கு பாய்ந்தது. விடுதலை ஆனாலும், கொரிட்சியாவில் அவர் காலம் அதோடு முடிந்துபோனது.

நீலக் குதிரை

1971-ல் டிரியெஸ்டே நகர மனநல மருத்துவமனையின் பொறுப்பு கிடைத்தது. அங்கே கிட்டத்தட்ட 1,200 பேர். துணி மூட்டை வண்டியை இழுத்த மார்கோ என்ற கிழட்டுக் குதிரையைக் கறிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும், நோயாளிகள் மனு எழுதி அதைக் காப்பாற்றியிருந்தார்கள். 1973-ல் கலைஞர்களோடு சேர்ந்து அதே பெயரில் மரத்தாலும் காகிதக் கூழாலும் பெரிய நீலக் குதிரை செய்தார்கள். ஊர்வலமாகக் கொண்டுபோகலாம் என்றால், குதிரை வாசலில் நுழையவில்லை! வாசலை இடித்துத்தான் வெளியே போனார்கள். பின்னால் நூற்றுக்கணக்கான நோயாளிகளும் ஊழியர்களும் ஊருக்குள் நடந்தார்கள்.

1978 மே 13 அன்று 180-ம் எண் சட்டம் நிறைவேறியது. புது மனநலக் காப்பகங்கள் கட்டக் கூடாது, பழையவை படிப்படியாக மூட வேண்டும், சிகிச்சை ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டும். பசாலியா சட்டம் என்று பெயர் ஒட்டிக்கொண்டாலும் அதை எழுதியவர் அவர் இல்லை. சட்டம் வந்த உடனே எல்லாம் மாறிவிடாது என்று எச்சரித்தவரும் அவரே. குழந்தைகள் விஷயத்தில் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு வேலை நடந்திருந்தது. மாற்றுத்திறன் குழந்தைகளைத் தனி வகுப்பில் ஒதுக்காமல் சாதாரணப் பள்ளியில் சேர்க்க 1977-ல் சட்டம் வந்தது.

1979-ல் ரோம் போனார். சில மாதங்களில் மூளைக்கட்டி. 1980 ஆகஸ்ட் 29, வெனிஸில் மரணம். வயது 56. கடைசிக் காப்பகங்கள் மூட மேலும் இருபது ஆண்டுகள் போல ஆயின.

கட்டிப்போடுவதை 180-ம் சட்டம் நேரடியாகத் தடை செய்யவில்லை. 2009-ல் தெற்கு இத்தாலியில் ஒரு பள்ளி ஆசிரியர் பொது மருத்துவமனையின் மனநல வார்டில் 80 மணி நேரத்துக்கும் மேல் கட்டிப்போடப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் 2018-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டிப்போடுவது சிகிச்சை அல்ல என்றது. டாக்டர்கள் தண்டிக்கப்பட்ட குற்றங்களில் ஒன்று, நோயாளியைக் கட்டியதை மருத்துவப் பதிவில் எழுதாமல் விட்டது.