கோழிக் கொட்டகையில் மலர்ந்த கலை

குழந்தையைப் படம் பிடிப்பது எளிதன்று. கண் சிமிட்டும், சிரிக்கும், எழுந்து ஓடும். இன்று நாம் நொடியில் படம் எடுத்துவிடுகிறோம். சில நிமிடங்கள் வரைகூட அசையாமல் உட்கார வேண்டியிருந்த காலத்திலேயே குழந்தைகளின் முகங்களை உயிரோட்டத்துடன் நமக்கு விட்டுச் சென்றவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். அவரது வாழ்வைச் சற்றே காண்போம்.

ஜூலியா 1815-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். 1838-இல் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரனை மணந்தார். பின்னர் இங்கிலாந்து சென்ற குடும்பம் 1860-இல் வைட் தீவில் குடியேறியது. 1863 டிசம்பரில், அவரது 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். அந்த வயதில் அம்மையார் மாணவியானார்! நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கோழிகள் விடுதலை பெற, அவற்றின் கொட்டகை ஒளிப்படக்கூடமாயிற்று.

முதலில் எடுத்த படத்தைத் தம் கையே பட்டு அழித்துவிட்டார். மற்றொரு முறை இரு குழந்தைகளை அமர்த்திப் பாடுபட்டபோது, ஒரு குழந்தை களுக்கென்று சிரித்துவிட, அந்தப் படமும் பாழாயிற்று. பிறகு ஆனி என்ற சிறுமியைத் தனியே அமர்த்தி, அசைந்தால் தம் உழைப்பும் மருந்தும் வீணாகும் என்று எடுத்துச் சொன்னார். அவளும் அசையாதிருந்தாள். 1864 ஜனவரியில் எடுத்த அந்தப் படமே தம் முதல் வெற்றி என்று அம்மையார் மகிழ்ந்தார்.

வெயில் நேரே விழுந்தால் குழந்தையின் கண் கூசும். முகமும் தட்டையாகத் தோன்றும். ஆகவே அவர் வெளிச்சத்தை அடக்கி, ஒரு பக்கமாக விழச் செய்தார். ஒரு கன்னம் ஒளிர, மறு கன்னம் நிழலில் கனிந்தது. லென்ஸை மிகக் கூர்மையாகும் வரை திருகாமல், தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றியதும் நிறுத்திவிடுவார். குழந்தையின் சிறு அசைவும் சேர, படம் பனி படர்ந்தாற்போல் மென்மையாயிற்று. சிறுமியர் தோளில் சிறகு கட்டி வானதூதராக்கினார். தாயும் சேயுமாகத் தேவமாதாவின் கோலங்களையும் படைத்தார்.

ஒளிப்படச் சங்கத்தார் இதைக் கைத்திறன் குறைவு என்று இகழ்ந்தனர். அவர் படங்களில் கீறலும் கறையும் இருந்தது உண்மையே. ஆனால் மென்மை குறையன்று, தாமே விரும்பிச் செய்தது என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார். 1865-இல் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை விலைக்கு வாங்கியது. கவிஞர் டென்னிசனும் அறிஞர் டார்வினும் அவரது கேமராவின் முன் அமர்ந்தனர்.

1875-இல் கணவருடன் இலங்கை சென்ற அவர், அங்கும் உழைக்கும் எளிய மக்களைப் படம் எடுத்தார். 1879 ஜனவரி 26-இல் மறைந்து, பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அடக்கமானார்.

ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே நாம் கண்ணீர் விடுகிறோம். பிறர் குறை கூறும்போது, அது நாம் திருத்த வேண்டிய பிழையா, காக்க வேண்டிய தனித்தன்மையா என்று சிந்திப்போம். பிழையைத் திருத்துவோம், தனித்தன்மையைக் கைவிடாதிருப்போம்!