கொழும்பு மாநகர சபையின் முதல் பெண்: டாக்டர் மேரி ரட்ணம்

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலையில் தண்ணீர்மலை அடிவாரத்திற்குப் போனால், தேங்காய் ஓடுகளும் குப்பைகளும் லாரியில் ஏற்றப்படுவதைப் பார்க்கலாம். குப்பை, கால்வாய், தெருவிளக்கு எல்லாம் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. இப்படிப்பட்ட மன்றங்களுக்குள் பெண்கள் எப்போது நுழைந்தார்கள் என்று தேடியபோதுதான் டாக்டர் மேரி ரட்ணத்தின் வாழ்க்கையை அறிந்தேன்.

மேரி 1873-இல் கனடாவில் பிறந்தவர். பெண் மருத்துவர்கள் அரிதாக இருந்த காலத்தில் டொரோண்டோவில் மருத்துவம் படித்தார். யாழ்ப்பாணத்தில் மிஷன் மருத்துவராகப் பணியாற்றத் தேர்வும் ஆனார். 1896-இல் எஸ்.சி.கே. ரட்ணம் என்ற இலங்கைத் தமிழரை நியூயார்க்கில் மணந்தார். தமிழரை மணந்ததால் அந்த வேலை அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் ஊர் திரும்பவில்லை. கொழும்பில் பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார். பின்னர் சொந்தமாக மருத்துவம் பார்த்தார்.

பிரசவத்திலும் நோயிலும் தாய்மார்கள் படும் பாட்டை நேரில் கண்டவர், மருந்து மட்டும் போதாது என்று உணர்ந்தார். 1904-இல் இலங்கைப் பெண்கள் சங்கம், 1909-இல் தமிழ்ப் பெண்கள் சங்கம் ஆகியவை உருவாக முன்னின்றார். 1927-இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் பங்கேற்றார். 1931-இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர். கிராமப் பெண்களுக்காக லங்கா மஹிலா சமித்தியையும் நிறுவினார். குடும்பக் கட்டுப்பாடு பற்றி வெளிப்படையாகப் பேசி எதிர்ப்பையும் சம்பாதித்தார்.

1937-இல், அறுபது வயதைத் தாண்டிய நிலையில், பம்பலப்பிட்டி வட்டாரத்தில் வென்று கொழும்பு மாநகர சபையின் முதல் பெண் உறுப்பினரானார். ஆனால் ஒரு சட்ட நுணுக்கத்தால் அந்தப் பதவி விரைவிலேயே பறிபோனது. அவரது பொதுப்பணியோ நிற்கவில்லை. 1958-இல் பொதுச் சேவைக்கான மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962-இல் மறைந்தார்.

நம் நாட்டில் 1952-இல் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலில் வென்றவர் தேவகி கிருஷ்ணன். பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் முதல் மேயராக 2015-இல் பதவியேற்றவரும் ஒரு பெண்தான். ஆனால் அவரை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டவை. இன்று மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். 18 வயதிலேயே வாக்குரிமை பெற்ற என் தலைமுறைக்கும் இதில் வாக்கு இல்லை.

என் வட்டாரத்து மன்ற உறுப்பினர் யார் என்று இதை எழுதத் தொடங்கும் வரை எனக்கும் தெரியாது. பதவி கிடைப்பதற்கு முன் நாற்பது ஆண்டுகளும், அது போன பிறகும் மேரி ரட்ணம் உழைத்தார். வாக்கு இல்லாவிட்டாலும், வீட்டு வாசலில் அடைத்துக் கிடக்கும் கால்வாயைப் பற்றி நாம் ஒரு கடிதமாவது எழுதலாமே!