தத்துவ போதகர் எழுதாத நூல்

திருவில்லிப்புத்தூரில் திருப்பாவையைப் பாடியது யார் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் தயங்காமல் பதில் சொல்லும். எல்லா நூல்களுக்கும் இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. சில நூல்கள் தகப்பன் பெயர் தெரியாமல் அலைகின்றன. வேறு சில, தமக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரைத் தகப்பன் என்று காட்டி, அவருக்குப் பெரும் பழியைத் தேடிக் கொடுக்கின்றன. அப்படிப்பட்ட பழி ஒன்று, மதுரை மிஷனை ஸ்தாபித்த தத்துவ போதக சுவாமியின் மேல், அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் வந்து விழுந்தது. அவர் சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத இந்தப் பகுதியை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

ராபர்ட் தெ நொபிலி 1577ஆம் ஆண்டு ரோமாபுரியில் உயர்குடியில் பிறந்தார். கர்தினால் பெல்லார்மீன் அவருக்கு உறவினர். வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாகச் சேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1605ஆம் ஆண்டு கோவாவில் வந்து இறங்கினார். முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று, 1606ஆம் ஆண்டின் முடிவில் மதுரை சேர்ந்தார். அந்நாளில் இராஜபாளையமும் திருவில்லிப்புத்தூரும் மதுரை நாயக்கர் சீமையைச் சேர்ந்தவை.

மதுரையில் அவருக்கு முன் ஒரு குருவானவர் பல ஆண்டுகள் பாடுபட்டும், உள்ளூரார் ஒருவரும் மனந்திரும்பவில்லை. காரணம் என்ன? சத்திய வேதம் பறங்கியர் வேதம் என்று மக்கள் எண்ணினார்கள். நொபிலி சுவாமி காவி தரித்தார், மாமிசம் விலக்கினார், ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொண்டார். தமிழோடு தெலுங்கும் கற்றார். இராஜபாளையத்தில் இன்றும் எத்தனையோ வீடுகளில் ஒலிக்கும் அந்தத் தெலுங்கு, அன்று மதுரை அரண்மனையின் மொழி. சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணரிடம் வடமொழி படித்து, வேதங்களையும் ஆராய்ந்தார். அதற்குமுன் எந்த ஐரோப்பியரும் அந்த அளவுக்கு வடமொழி கற்றதாகத் தெரியவில்லை.

இதனால் அவருக்கு வந்த துன்பம் கொஞ்சமல்ல. உடன் இருந்த குருவானவரே அவர்மீது முறையிட்டார். 1619ஆம் ஆண்டு கோவாவில் சபை கூடி விசாரித்தது. குற்றச்சாட்டுகளுக்கு அவர் ஒளிந்து நின்று பதில் சொல்லவில்லை. தம் பெயரிலேயே லத்தீனில் விரிவான விடைகள் எழுதினார். கடைசியில் 1623ஆம் ஆண்டு 15ஆம் கிரகோரியார் பாப்பரசர், பூணூல், குடுமி முதலிய வழக்கங்களைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். சாதி வேற்றுமைக்கு அவர் இடங்கொடுத்தார் என்ற விமரிசனம் இன்றும் உண்டு. அது நியாயமாகப் பேசவேண்டிய விஷயமே. ஆனால் அது அவர் செய்த காரியத்தைப் பற்றியது. நாம் சொல்ல வந்ததோ அவர் செய்யாத காரியம்.

1640ஆம் ஆண்டு, திருமலை நாயக்கர் காலத்தில், அவர் மதுரையில் சிறையில் அடைக்கப்பட்டார். அடுத்த ஆண்டுதான் விடுதலை கிடைத்தது. முதுமையில் கண்பார்வை மங்கிப் போக, மதுரையை விட்டு யாழ்ப்பாணம் சென்று, பிறகு மயிலாப்பூரில் தங்கி, 1656ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் உயிர்நீத்தார்.

இனி அந்த நூலின் கதை. 1760ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் வோல்த்தேர் கைக்கு இந்தியாவிலிருந்து ஒரு கையெழுத்துப் பிரதி போய்ச் சேர்ந்தது. எசூர்வேதம் என்பது அதன் பெயர். வியாசரும் சுமந்துவும் உரையாடுவதாக அமைந்த அந்த நூல், ஒரே கடவுளைப் போற்றி விக்கிரக வணக்கத்தைக் கண்டிப்பது. அலெக்சாந்தர் படையெடுப்புக்கும் முந்தியது இது என்று வோல்த்தேர் நம்பி, மறு ஆண்டே பிரெஞ்சு அரசரின் நூலகத்தில் சேர்த்தார். விவிலியத்துக்கு முன்பே தூய ஞானம் இருந்தது என்று காட்டுவதற்கு அதை ஆயுதமாகவும் எடுத்துக்கொண்டார். 1778ஆம் ஆண்டு அது அச்சிலும் வெளிவந்தது.

ஆனால் அது பழைய வேதமே அல்ல. 1782ஆம் ஆண்டிலேயே சொன்னெரா என்ற பயணி, ஒரு வேதபோதகர் எழுதிய தர்க்க நூல் இது என்று தெரிவித்தார். பிறகு திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரை, புதுச்சேரியில் அதன் கையெழுத்துப் பிரதிகளையும், அதே மாதிரியான வேறு பிரதிகளையும் பார்த்து ஆராய்ந்தார். அவர் கட்டுரை, அவர் இறந்தபின் 1822ஆம் ஆண்டு கல்கத்தாவில் வெளியாயிற்று. இவற்றை எழுதியவர் நொபிலி என்று புதுச்சேரிக் கிறிஸ்தவர்களிடையே ஒரு பேச்சு இருப்பதையும் அதில் குறித்திருந்தார். அந்தப் பேச்சே போதுமானதாயிற்று. பொய் வேதம் புனைந்தவர் என்ற பெயர், கல்லறையில் துயிலும் சுவாமியின்மேல் ஒட்டிக்கொண்டது. காணாமற்போன ஞான வேதத்தையே தாம் கொண்டு வந்திருப்பதாக அவர் மதுரையில் போதித்திருந்ததால், கேட்டவர்கள் எளிதில் நம்பினார்கள்.

நம்பத் தகுந்ததெல்லாம் உண்மையாகிவிடுமா? சாட்சிகளைப் பார்ப்போம். அந்தப் பிரதிகளில் இருப்பது பிரெஞ்சு மொழி. நொபிலியோ இத்தாலியர், லத்தீனிலும் போர்த்துக்கேயத்திலும் தமிழிலும் எழுதியவர். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேறியது 1674ஆம் ஆண்டு. சுவாமி இறந்து அப்போது 18 ஆண்டுகள் ஆகிவிட்டன. வியாசரை அந்த நூல் பியாச் என்கிறது. இது வங்காளத்து உச்சரிப்பு. மதுரையில் வடமொழி படித்தவர் இப்படி எழுதமாட்டார். 1861ஆம் ஆண்டு மாக்ஸ் முல்லர், நொபிலி இதை எழுதியதற்கு ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். 1984ஆம் ஆண்டு லூடோ ரோஷே என்ற வடமொழிப் பேராசிரியர் இந்த நூலைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். மூலமே பிரெஞ்சு என்பதும், 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு சேசு சபையார் ஒருவர் எழுதியிருக்கக்கூடும் என்பதும் அவர் முடிவு. ஆசிரியர் இன்னார் என்று இன்றுவரை நிச்சயமாகவில்லை. நொபிலி அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

இப்படி ஆராய்வது விசுவாசத்துக்கு விரோதமோ என்று சிலர் அஞ்சலாம். அஞ்சவேண்டாம். ஆதித் திருச்சபையே இந்த வேலையைச் செய்தது. அர்ச். சின்னப்பர்மேல் வைத்த அன்பினால் அவர் பெயரில் கதை புனைந்த ஆசியா நாட்டுக் குரு ஒருவர், உண்மை வெளிப்பட்டதும் பதவி இழந்தார் என்று தெர்த்துல்லியன் எழுதி வைத்திருக்கிறார். நல்ல எண்ணம் பொய்க்கு மன்னிப்பாகவில்லை. எபிரேயருக்கு எழுதிய நிருபத்தை எழுதியவர் யார் என்பது கடவுளுக்கே வெளிச்சம் என்ற கருத்தை ஒரிஜன் தைரியமாகச் சொன்னார். அதனால் அந்த நிருபத்தின் மகிமை குறைந்துவிடவில்லை.

தத்துவ போதகர் உண்மையாக எழுதிய நூல்கள் நமக்கு உண்டு. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் முதலியவற்றைச் சேசு சபை இராசமாணிக்கம் சுவாமி அரிதின் முயன்று பதிப்பிக்க, 1960களில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் வெளியிட்டது. தமிழ் உரைநடை குழந்தைப் பருவத்தில் இருந்த காலத்தில், ஆன்மாவையும் கடவுளையும் பற்றி உரைநடையில் தர்க்கம் செய்தவர் அவர். அவரைப் புகழவோ குறைகூறவோ விரும்புகிறவர்கள் இந்த நூல்களைக் கொண்டு செய்யட்டும்.

பிறர் பெயரைக் கெடுப்பதை எட்டாம் கற்பனை விலக்குகிறது. உயிரோடு இருப்பவன் எழுந்து மறுப்புச் சொல்லலாம். இறந்தவனுக்கு வாய் இல்லை. தெருவில் கேட்ட பேச்சை வீட்டில் திருப்பிச் சொல்லுமுன், யார் கண்டது, எந்த நாளில், எந்த மொழியில் என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோம். ஒரு பேச்சை நீக்க நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதை நினைவில் வைப்போம்.