டாடா ஸ்டீல் வேலை வேண்டாம்.. இயற்பியல்தான் வேணும்! அப்பாவுக்கு லெட்டர் எழுதிய ஹோமி பாபா: நடந்தது என்ன?

படிப்பு முடிந்ததும் தொழில் செய்யும் வீடுகளில் ஒரு பேச்சு கண்டிப்பாக வரும். கடையை யார் பார்த்துக்கிறது, கம்பெனியை யார் எடுத்து நடத்துறது? பிள்ளைக்கோ மனசு வேற எங்கேயோ இருக்கும். இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை என்று அழைக்கப்படும் ஹோமி ஜஹாங்கீர் பாபாவும் ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்றவர்தான். அவர் என்ன செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

வீட்டில் போட்ட திட்டம்

1909 அக்டோபர் 30-ம் தேதி பம்பாயில், வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தார் ஹோமி பாபா. அப்பா ஜஹாங்கீர் பாபா, வழக்கறிஞர். அத்தை மெஹர்பாயின் கணவர் யார் தெரியுமா? டாடா குழுமத்தைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் தோராப்ஜி டாடா. அப்பா தொடங்க நினைத்த இரும்பாலையை ஜாம்ஷெட்பூரில் நிஜமாக்கியவர் இவர்தான்.

அத்தை, மாமாவுக்குக் குழந்தைகள் இல்லை. ஹோமி கேம்பிரிட்ஜ் போய் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கணும், திரும்பி வந்து ஜாம்ஷெட்பூர் ஆலையில் சேரணும். அப்பாவும் மாமாவும் போட்ட திட்டம் இது. 1927-ல் கேம்பிரிட்ஜில் உள்ள கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியில் சேர்ந்தார் ஹோமி.

மனசு மாறியது எங்கே?

அந்த நேரத்தில் இயற்பியல் உலகமே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. அணுவுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் குவாண்டம் கொள்கை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அதில் முக்கியமான பெயரான பால் டிராக், அதே கேம்பிரிட்ஜில்தான் இருந்தார். ஹோமியின் கவனம் மெஷின்களை விட்டு அணுக்கள் பக்கம் திரும்பியது.

1928-ல் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தொழிலோ, இன்ஜினியர் வேலையோ தன் இயல்புக்கு ஒத்து வராது, இயற்பியல்தான் தன்னுடைய பாதை என்று அதில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பெரிய ஆளாகவோ, பெரிய கம்பெனியின் தலைவராகவோ ஆகும் ஆசையே தனக்கு இல்லை என்றும் எழுதினார். அப்போது அவருக்கு 18 வயசு.

அப்பா போட்ட கண்டிஷன்

அப்பா ஒரேயடியாக மறுக்கவில்லை. உடனே சரின்னும் சொல்லவில்லை. முதலில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கை முதல் வகுப்பில் முடிக்கணும். முடிச்சா, அதன்பிறகு கேம்பிரிட்ஜிலேயே கணிதம் படிக்கச் செலவு செய்கிறேன். இதுதான் அவர் வைத்த கண்டிஷன்.

ஹோமி ஏற்றுக்கொண்டார். மனசு ஒட்டாத படிப்பை 1930-ல் முதல் வகுப்பில் முடித்தார். அப்பாவும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். 1932-ல் கணிதத்திலும் முதல் வகுப்பு. அதற்கு அப்புறம் ஜாம்ஷெட்பூர் பேச்சுக்கே இடமில்லை.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. இரண்டாவது முறையாக கேம்பிரிட்ஜில் படிக்க வைக்கும் அளவுக்கு அந்த வீட்டில் பணம் இருந்தது. எல்லா வீட்டிலும் இது நடக்காது. ஆனா பணம் இருந்த எல்லா வீட்டு அப்பாக்களும் இப்படி விட்டுக்கொடுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

எடுத்த முடிவு சரியா?

1935-ல் டாக்டர் பட்டம் பெற்றார். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவது பற்றி அவர் போட்ட கணக்கு, இன்றைக்கும் அவர் பெயரிலேயே பாபா சிதறல் என்று அழைக்கப்படுகிறது. விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் எப்படி துகள் மழையாகப் பெருகுகின்றன என்பதை 1937-ல் வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து விளக்கினார்.

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தவர், இரண்டாம் உலகப் போர் வெடித்ததால் திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி.வி. ராமன் தலைமையில் இருந்த இயற்பியல் துறையில் சேர்ந்தார். 1941-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானபோது வயசு 31.

மாமாவின் சொத்தும் இரண்டாவது கடிதமும்

கதையின் திருப்பமே இங்கேதான். 1932-ல் மறைந்த தோராப்ஜி டாடா, தன் சொத்தை ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருந்தார். பெங்களூருவில் ஹோமியின் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அந்த அறக்கட்டளைதான்.

1944 மார்ச்சில் அதே அறக்கட்டளைக்கு ஹோமி இன்னொரு கடிதம் எழுதினார். அடிப்படை இயற்பியலுக்கென்று இந்தியாவில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் வேண்டும். அணுசக்தியில் மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது நிபுணர்களைத் தேடி வெளிநாட்டுக்கு ஓடக் கூடாது. இதுதான் அவரது வாதம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்ட கடிதம் இது. அதன் பலனாக 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவானது.

1928-ல் எழுதிய கடிதம், டாடா வேலை வேண்டாம் என்றது. 16 வருஷம் கழித்து எழுதிய கடிதம், டாடா பணம் வேண்டும் என்றது. இரண்டுமே இயற்பியலுக்காகத்தான்.

வீணாகாத இன்ஜினியரிங்

1948-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார் பாபா. 1956 ஆகஸ்ட் 4-ம் தேதி டிராம்பேயில் இந்தியாவின் முதல் அணு உலையான அப்சரா இயங்கத் தொடங்கியது. உலை கட்ட சமன்பாடு மட்டும் போதாது, இரும்பும் பம்பும் குழாயும் தெரிந்திருக்கணும். வேண்டாவெறுப்பாக முடித்த மெக்கானிக்கல் படிப்பு வீண்போகவில்லை.

1966 ஜனவரி 24-ம் தேதி, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் பகுதியில் நடந்த ஏர் இந்தியா விமான விபத்தில் பாபா உயிரிழந்தார். அவருக்கு 56 வயசு. அடுத்த வருஷம் டிராம்பே மையத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

வீட்டை எதிர்த்துக்கொண்டு ஓடிப்போனவர் இல்ல ஹோமி பாபா. தனக்கு என்ன வேண்டும் என்பதை மறைக்காமல் சொன்னார், வீட்டில் கேட்டதை முதலில் முடித்துக் காட்டினார், அப்புறம் தன் வழியில் போனார்.