அலன் ரியூறிங்: இயந்திரமும் உணர்வும்

சித்து எது, சடம் எது என்னும் வினா தத்துவ நூலாருக்குப் பழையது. இருபதாம் நூற்றாண்டில் அதனைக் கணித அறிஞர் ஒருவர் புதியதொரு வாயிலாக அணுகினார். இயந்திரம் சிந்திக்குமா என்று வினவிய அலன் ரியூறிங் அவர்களே அவ்வறிஞராவர்.

அவர் 1912ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் இந்திய சிவில் சேவையில் உத்தியோகம் வகித்தவர். தாயார் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் சென்னை இரயில்வேயின் பிரதம பொறியியலாளர். பெற்றோர் கடல்கடந்து வாழ்ந்தமையால், அலனும் தமையனாரும் இங்கிலாந்திற் பிறர் பராமரிப்பில் வளர்ந்தனர்.

1926இல் ஷேர்போண் பாடசாலையிற் சேரவிருந்த நாளில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. புகைவண்டி ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவர் ஏறக்குறைய 60 மைல் தூரத்தைத் துவிச்சக்கர வண்டியிற் கடந்து பாடசாலையை அடைந்தார். ஆங்கு அவருக்கு வாய்த்த உற்ற நண்பர் கிறிஸ்தோபர் மோர்கொம். விண்மீன்களையும் விஞ்ஞானத்தையும் பற்றி இருவரும் ஓயாது உரையாடுவர். 1930ஆம் ஆண்டு பெப்ரவரியில் மோர்கொம் நோயுற்று மறைந்தார். அப்பிரிவு ரியூறிங்கின் உள்ளத்தை வாட்டியது. உயிருக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு யாதென அவர் ஆராயத் தலைப்பட்டார். உடல் அழிந்தபின் உயிர் வேறோர் உடலைப் பற்றிக்கொள்ளும் என்னுங் கருத்துப்பட, நண்பரின் தாயாருக்கு எழுதியும் வைத்தார். மறுபிறவிக் கொள்கையோடு ஒத்த இவ்வெண்ணம், ஆறுதல் தேடிய ஓர் இளைஞரின் உள்ளத்திற் பிறந்தமை நினைக்கத்தக்கது.

1931இற் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். 1936இல், தம் இருபத்துநான்காம் வயதில், கணினி இயலுக்கு அடிப்படையான கட்டுரையை வெளியிட்டார். நீண்ட நாடாவிற் குறிகளை வாசித்தும் எழுதியும் அழித்தும் செல்லும் எளியதோர் இயந்திரத்தை அவர் மனத்திற் கற்பித்தார். தக்க கட்டளைகளைக் கொடுத்தால், அத்தகைய ஒரே இயந்திரம் மற்றெல்லாக் கணிப்பு இயந்திரங்களின் தொழிலையுஞ் செய்யும் எனக் காட்டினார். எந்த இயந்திரத்தாலும் தீர்க்கவியலாத வினாக்கள் உள என்பதையும் அக்கட்டுரையிலேயே நிறுவினார். இயந்திரத்தின் ஆற்றலைக் கண்டவரே அதன் எல்லையையும் கண்டார்.

1939இல் யுத்தம் மூண்டதும் பிளெச்லி பார்க்கிற் சேவை புரிந்தார். ஜேர்மானியரின் எனிக்மா மறைகுறிகளை உடைப்பதற்குப் போலந்து அறிஞர்கள் இட்ட அத்திவாரத்தின்மேல் புதிய பொறியொன்றை அமைத்தார். கடற்படை மறைகுறியை வெல்வதிலும் முன்னின்றார். இப்பணி பல்லாண்டுகள் இரகசியமாகவே இருந்தது.

1950இல், மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் கடமையாற்றுகையில், இயந்திரமும் அறிவும் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். மறைவில் இருக்கும் மனிதர் ஒருவரிடமும் இயந்திரத்திடமும் எழுத்து மூலம் வினாக்கள் தொடுத்து, எது மனிதர் எனப் பிரித்தறிய இயலாதாயின், அவ்வியந்திரம் சிந்திக்கின்றது எனக் கொள்ளலாம் என்பது அவர் வகுத்த சோதனை. உணர்ச்சியின்றிக் கவிதை புனையும் இயந்திரம் மூளைக்கு நிகராகாதென்று சத்திர வைத்திய நிபுணர் ஜெபர்சன் 1949இல் மறுத்திருந்தார். பிறர் உள்ளத்தை எவரும் நேரே கண்டதில்லை. ஒழுகலாற்றைக் கொண்டே அவரையும் அறிவுடையவர் என ஏற்கின்றோம் என்பது ரியூறிங்கின் விடை. ஆயினும் உணர்வில் மறைபொருள் ஏதுமில்லை என அவர் கூறினாரல்லர். அம்மறைபொருளைத் தீர்க்குமுன்னரே தம் வினாவுக்கு விடை காணலாம் என்றே வாதித்தார்.

இவ்விடத்துச் சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு ஒன்று புலனாகும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியமாகிய சடங்களே. அவற்றைக் கொண்டு அறிவது ஆன்மா என்பது நம் நூற்றுணிபு. கரணத்தின் தொழிலை இயந்திரம் செய்தல் கூடும். அறிவோன் ஆங்கு உளனோ என்பதே எஞ்சும் வினா.

அவர் இறுதிக்காலம் துயரமானது. ஆடவர் ஒருவரோடு கொண்ட உறவு அந்நாளைய ஆங்கிலச் சட்டப்படி குற்றமாதலின், 1952இற் தண்டிக்கப்பட்டார். சிறைவாசத்துக்குப் பதிலாக ஹோர்மோன் சிகிச்சையை ஏற்க நேர்ந்தது. 1954ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி, நாற்பத்தோராம் வயதில், சயனைட்டு நஞ்சினால் இறந்தார். மரண விசாரணை தற்கொலையெனத் தீர்த்தது. 2009இற் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2013இல் அரச மன்னிப்பும் வழங்கப்பட்டது. இயந்திரத்துக்கும் உள்ளம் இருக்கலாமோ என்று பரிவோடு சிந்தித்தவரின் உள்ளத்தை அவர் நாடு காணத் தவறியது.

இன்று மனிதரைப்போல் உரையாடும் கணினிகள் தோன்றிவிட்டன. அவை உணர்கின்றனவா என்னும் வினாவோ தீர்ந்தபாடில்லை. அதனை ஆராயப் புகும் நம் மாணவர், கணிதத்தோடு தத்துவத்தையும் கற்பாராக. அயலில் உள்ள மனிதரின் உள்ளத்தை அறிதலையும் மறவாதிருப்பாராக.